திரும்பி வருவதற்காக ஒரு பயணம்

இலங்கையின் வன்னியில், எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால், காணியை ஈடு வைத்து, முகவருக்குக் காசு கட்டி, இனித் திரும்பாமல் போகிறார் என்றுதான் பொருள். அதனால்தான், இரண்டு ஆண்டுகள் மலேசியாவில் தங்கிப் படித்து, இயன்றால் படிப்பித்து, நாலு ஊரும் பார்த்துவிட்டு வரப்போகிறேன் என்று நான் சொன்னபோது, பரந்தன் சந்தியில் மரக்கறி விற்கும் அக்கா, "அப்ப இனி வரமாட்டியள் தானே ரீச்சர்?" என்று கேட்டார். அவரில் பிழையில்லை. போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்ததை அவர் கண்டிருக்கிறார்?

நீண்டகாலம் வெளியே தங்க நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது புறப்படும் நாளை அல்ல, திரும்பும் நாளை என்பது என் கருத்து. அரச ஆசிரியர் ஒருவர் சம்பளத்துடன் கல்வி விடுமுறை பெற்றால், திரும்பி வந்து கடமையாற்றுவதாக ஒப்பந்தம் எழுதிப் பிணையும் காட்ட வேண்டும். பலர் இதைக் கால்விலங்கு என்பார்கள். 2022 பொருளாதார நெருக்கடியின்போது ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அரசு அனுமதித்தபோது, கையெழுத்து வைக்காமல் போகலாம் என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. எனக்கோ அந்தக் கையெழுத்துத்தான் பிடித்திருக்கிறது.

ஏன் மலேசியா என்று கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கரம்பொன்னில் பிறந்த தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் பேராசிரியராக இருந்த காலத்தில்தான், 1966 இல், முதலாவது உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. ஆனால் என்னை இழுப்பது மாநாடு அல்ல. அங்கு இன்றும் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ் ஆரம்பப் பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றுட் பல இறப்பர்த் தோட்டங்களில் பிறந்தவை. தோட்டங்கள் கைமாறிச் சனம் பட்டணத்துக்குப் போனபின், சில பள்ளிகள் பிள்ளைகள் குறைந்து நிற்கின்றன. என் வகுப்பிலோ, 1977 இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலுக்குப் பின் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். தேயிலையோடு வந்த தமிழும் இறப்பரோடு போன தமிழும் வகுப்பறையில் எப்படி வாழ்கின்றன என்பதை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

படிப்பது, படிப்பிப்பது, ஊர் பார்ப்பது என்று மூன்று ஆசைகளையும் ஒரே பையில் அடைத்துக்கொண்டு புறப்படலாம். குடிவரவு அதிகாரியின் முன் ஒன்றைத்தான் எடுத்து வைக்கலாம். நான் படிப்பை வைக்கிறேன். மாணவர் விசாவில் போய்ச் சம்பளத்துக்குப் படிப்பிக்கலாம் என்று வாயால் மட்டும் உறுதி தரும் முகவரை நம்பாதீர்கள். எதற்கு அனுமதி உண்டு என்பதைப் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊர் பார்ப்பதற்கு விடுமுறை நாட்கள் போதும். பினாங்குக்கு ரயிலிலும் பாலத்திலுமாகப் போகலாமாம்.

பத்திரங்களுக்கு மட்டும் ஆறு மாதமாவது ஒதுக்குங்கள். 2009 இல் போரால் இடம்பெயர்ந்தபோது அப்பா என் உயர்தரச் சான்றிதழைச் சொப்பின் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். மீள்குடியேறிய பின் அதன் மடிப்புகள் கிழியத் தொடங்கியதால் லமினேற் செய்து வைத்தார். ஓர் அலுவலகத்தில் அதை நீட்டியபோது, லமினேற் செய்ததில் முத்திரை குத்த முடியாது என்று, நிமிர்ந்தும் பாராமல் தள்ளிவிட்டார்கள். புதுப் பிரதிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். பழையது அப்பாவின் அலுமாரியில், அதே பைக்குள் இருக்கிறது.