எழுபதுக்கும் அறுபத்தொன்பதுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

வெளிநாட்டு நினைவு வெள்ளி நாணயங்களை வாங்கிச் சேர்க்கும் மட்டக்களப்பு, கல்முனை நண்பர்கள் கோபித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். தரம் பார்க்கும் நிறுவனங்களிடமிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் '70' என்று தர எண் சீட்டு ஒட்டி வரும் நாணயத்துக்கு, '69' என்று ஒட்டிய அதே நாணயத்தைவிட அள்ளிக் கொடுப்பது வீண் செலவு. நம்மில் பலர் சீட்டைத்தான் வாங்குகிறோம். நாணயம் அதற்கு இலவச இணைப்பு!

அந்த எண் எங்கிருந்து வந்தது? 1949 இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர், தம் நாட்டின் பழைய பெரிய செப்புச் சதங்களுக்கு விலை மதிப்பதற்காக வகுத்த அளவுகோல் அது. தேய்ந்து உருவம் அழிந்த காசுக்கு 1, குறையே இல்லாததற்கு 70. எழுபதாவது படியில் இருப்பது முதற்படியில் இருப்பதைப் போல எழுபது மடங்கு பெறும் என்பது அவருடைய கணக்கு. நூறாண்டு கைமாறித் தேய்ந்த காசுகளைத் தரம் பிரிக்க அத்தனை படிகள் தேவைதான். இன்றைய நினைவு நாணயம் யாருடைய சட்டைப்பையிலும் கிடந்ததில்லை. அச்சிலிருந்து நேரே உறைக்குள் போகிறது. அதனால் உச்சியிலுள்ள இரண்டு படிகளில்தான் கூட்டமெல்லாம் நிற்கிறது. ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் நாணயம் அடிக்கும் ஆலையை விட்டு வந்த பின் ஏற்பட்ட குறை எதுவும் தெரியக்கூடாது, அதுதான் 70. வெறுங்கண்ணுக்கு எட்டாத ஒரு புள்ளிக்காகச் சம்பளத்தைக் கொட்டுவதா?

தரம் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறேன். 'புரூஃப்' என்பது ஒரு தயாரிப்பு முறை. மெருகேற்றிய அச்சு, மெருகேற்றிய வில்லை (உருவம் பதிக்காத வெறும் உலோகத் தட்டு), ஒன்றுக்கு மேற்பட்ட அடி. தளம் கண்ணாடியாக மின்னும். உருவம் மட்டும் பனி படர்ந்தது போல வெண்மையாக நிற்கும். அந்த முறையில் அடித்த நாணயத்திலும் மோசமானது உண்டு. அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு மேசை விளக்கின் கீழ் விளிம்பில் பிடித்து மெல்லச் சாயுங்கள். முகத்தில் மேடான இடங்களை, அதாவது கன்னம், மூக்கு நுனி, புருவம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். அங்கே பனி கலைந்து ஒரு பொட்டு மினுங்கினால், எதிலோ உரசியிருக்கிறது, அல்லது அச்சு களைத்துப்போன பிறகு அடித்திருக்கிறார்கள். பிறகு தளம். சாய்க்கும்போது வட்டம் வட்டமாக மயிரிழைக் கோடுகள் எழுந்து மறைந்தால், யாரோ துணியால் துடைத்த கைவரிசை அது. அதற்கு மருந்து கிடையாது.

துடைப்பது நமக்குக் கூடப் பிறந்த வழக்கம். வெள்ளிச் செம்பு, குங்குமச்சிமிழ் எல்லாவற்றையும் திருநீறு போட்டுத் தேய்த்துப் பழகிய கைகள் நாணயத்தை மட்டும் சும்மா விடுமா? 1957 இல் வெளிவந்த புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் நாணயம், 92.5 சதவீத வெள்ளி, 28 கிராமுக்கும் சற்று அதிகம். அதை இந்தப் பக்கத்து வீடுகளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல். பளபளவென்று இருக்கும்; உற்றுப் பார்த்தால் முகப்பெல்லாம் கீறல். நகரில் ஒரு கடைக்காரர் என் கண்முன்னேயே ஒன்றை எடுத்துச் சட்டையில் தேய்த்துவிட்டு, "இப்போது பாருங்கள் தம்பி, புதிது மாதிரி" என்று பெருமையோடு நீட்டினார். விலை கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

கறுப்பு விழுவதற்கு உப்புக் காற்றைத்தான் எல்லோரும் திட்டுகிறோம். உண்மையான எதிரி கந்தகம். வாவி வற்றும் நாட்களில் கரைச் சேற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அந்த ஐதரசன் சல்பைட்டுத்தான் வெள்ளியைக் கறுக்கச் செய்வது. நம் ஊர் ஈரப்பதம் அதற்குத் துணை. இறப்பர் வளையமும் பத்திரிகைக் கடதாசியும் அதே வேலையை வீட்டுக்குள்ளேயே செய்யும். பிவிசி என்ற மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆன உறைகளோ பச்சைப் பிசினைக் கக்கும். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியும் மீதி செம்புமாகக் கலந்த 925 வெள்ளி சீக்கிரம் நிறம் மாறும். ஏறக்குறைய தூய வெள்ளியான 999 அவ்வளவு மாறாது, ஆனால் மென்மையானதால் தொட்டாலே தழும்பு. ஓரத்திலிருந்து பொன்னிறமாகவும் நீலமாகவும் சீராகப் படரும் நிறத்தை நான் குறையாகவே எண்ணுவதில்லை. திட்டுத் திட்டாக, விரல் ரேகையோடு கறுத்திருந்தால் மட்டும் தொடமாட்டேன்.

பால் புள்ளிகளின் கதை வேறு. தூய வெள்ளியில் வெண்மையாகத் தோன்றும் அந்தப் புள்ளிகள், உறையிட்டு எண் ஒட்டிப் பல மாதங்கள் கழித்தும் வெளியே வரும். வில்லையைக் கழுவிய திரவத்தின் எச்சம் சூளையில் வெந்து படிவதே காரணம் என்று பரவலாகச் சொல்கிறார்கள். கனடாவின் அரச நாணயச்சாலை இதைக் குறைக்கவென்றே 2018 இல் ஒரு தனிப் பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்தது. ஆலையே தலையைப் பிய்த்துக்கொண்ட விடயத்தில் சீட்டிலுள்ள எண் எப்படிக் காவல் நிற்கும்? புள்ளி விழுந்த 70 ஐ மறுபடி விற்கப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, வடிவமைப்பு. அசட்டுத்தனமான ஓவியத்தைக் குறையின்றி அடித்தாலும் அதற்கும் 70 தான். இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

இணையத்தில் வாங்குபவர்களுக்கு ஒன்று. நேர் வெளிச்சத்தில் எடுத்த ஒற்றைப் படத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். அதில் மயிரிழைக் கோடு எதுவும் தெரியாது. சாய்த்துப் பிடித்து, இரண்டு பக்கமும், விளிம்பும் தெரிய எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "70 என்று எழுதியிருக்கிறதே, பிறகு ஏன் படம்?" என்று கேட்கும் விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை.