"காலையில இன்னொரு பார்ட்டி வருது சார்"

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு நண்பன் போன் பண்ணினான். ஒட்டன்சத்திரம் பக்கம் மூன்று ஏக்கர் தோட்டம் பார்த்திருக்கிறான். "காலையில கோயமுத்தூர் பார்ட்டி வருது சார், இப்பவே அஞ்சு லட்சம் டோக்கன் போட்டா உங்களுக்குன்னு நிறுத்தி வைக்கறேன்" என்றாராம் புரோக்கர். போடலாமா என்று கேட்கிறான். வில்லங்கம், அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானப் பட்டியல், பார்த்தாயா என்றேன். "கிளியர்னு சொன்னாங்கடா."

இந்தக் கோயமுத்தூர் பார்ட்டியை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். நான் நிலம் தேடிக்கொண்டிருந்தபோதும் அவர் தினமும் காலையில் வருவதாகத்தான் இருந்தார்.

அவருக்குப் பயந்து, முதலில் பார்த்த காட்டுக்கு இரண்டு லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்தேன். ஒரு வெள்ளைத்தாள், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். பத்து நாள் கழித்து மூலப்பத்திரத்தைப் பார்த்தால் சொத்து இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கிறது, உயிலும் கிடையாது. என்னோடு விலை பேசியது அண்ணன் தம்பி இரண்டு பேர். கட்டிக்கொடுத்த இரண்டு தங்கைகளைப் பற்றி யாரும் மூச்சே விடவில்லை. அப்படி இறந்துபோன அப்பாவின் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1956-லேயே சட்டம் வந்துவிட்டது. பூர்வீகச் சொத்துக்கும் 1989-ல் தமிழ்நாடு சட்டம் போட்டது. ஆனால் வரப்பில் நின்று விலை பேசும்போது தங்கைகள் கணக்கிலேயே இல்லை, கையெழுத்துப் போடும் நாளில்தான் வருகிறார்கள். என் இரண்டு லட்சம் திரும்பி வர எட்டு மாதம் ஆனது, அதுவும் நாலு தவணையில்.

அடுத்த இடத்தில் வேறு தப்புப் பண்ணினேன். சென்ட் 24,000 என்று ஆரம்பித்து, போட்டி இருக்கிறது என்றதும் 26,000, அப்புறம் 28,000. நான் ஏற ஏற நிலத்துக்காரர் "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லத்தானே செய்வார்? ஒரு வாரம் சும்மா இருந்தாலே சென்ட்டுக்கு இரண்டாயிரம் ஏறுகிறது என்றால் நானும் யோசித்துக்கொண்டுதான் இருப்பேன்.

கிராமத்தில் நிலம் விற்பவர்களுக்கு விலை முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதிக விலை சொல்லும் பார்ட்டிகளில் பாதிப் பேர் கையில் பணம் இல்லாதவர்கள். கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து பதினொரு மாதக் கெடு போட்டுக்கொள்வார்கள். அதற்குள் மனை பிரிப்பவருக்கோ வேறு ஆளுக்கோ கைமாற்றி லாபம் பார்ப்பதுதான் திட்டம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிட்டால் அது வில்லங்கத்தில் ஏறிவிடும். கெடு முடிந்தாலும், ரத்துப் பத்திரம் எழுதாமல் வேறு ஆளுக்கு விற்பது பெரும்பாடு. இப்படி ஒரு தடவை மாட்டியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள்.

மூன்றாவது இடம் ஒரு ஆத்தாவுடையது. பட்டாவில் 0.97.0 ஹெக்டேர், ஏக்கர் கணக்கில் 2.40. கிணற்றில் பாதிப் பங்கு, இலவச மின்சாரம், தென்மூலையில் வேப்பமரத்தடியில் ஏழு கன்னிமார் கற்கள். அங்கே எனக்கு முன்னாலேயே ஒருவர் சென்ட் 27,000 சொல்லியிருந்தார், அதே பதினொரு மாதக் கெடு. நான் 25,000 சொன்னேன். 45 நாளில் முழுப்பணம், ஒரு ரூபாய் கூட ரொக்கம் இல்லை, அளந்து வரும் சென்ட்டுக்குத்தான் காசு. போவதற்கு முன்பே வில்லங்கம், பட்டா, புலப்படம் (நிலத்தின் எல்லை வரைபடம்) மூன்றையும் இணையத்தில் பார்த்துவிட்டேன். அதற்குக் காசே கிடையாது. அதனால் ஆத்தாவிடம் சந்தேகமாகக் கேட்க எதுவும் மிச்சம் இல்லை.

ஆத்தா விலையைப் பற்றிப் பேசவே இல்லை. காட்டில் சின்ன வெங்காயம் நின்றது. ஒன்றைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, நுனி விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏங்கண்ணு, இதை எடுக்கற வரைக்கும் பொறுப்பியா?"

"பொறுக்கறேனுங்க ஆத்தா."

"ஆடிப் பதினெட்டுக்கு வந்து கன்னிமாருக்குப் பொங்கல் வெச்சுட்டுப் போவேன். அதைத் தடுக்கக் கூடாது."

சரி என்றேன். அதைப் பத்திரத்தில் எழுதவில்லை. வருடா வருடம் வருகிறார், எனக்கும் ஒரு தூக்குப்போசியில் பொங்கல் வருகிறது.

சர்வேயர் சங்கிலி போட்டதில் 2.33 ஏக்கர்தான் வந்தது. ஏழு சென்ட் குறைவு, எனக்கு 1,75,000 மிச்சம். பட்டா அளவுக்குப் பேசியிருந்தால் அத்தனையும் வரப்போடு போயிருக்கும்.

ரொக்கம் வேண்டாம் என்றதைப் புரோக்கர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுட்டு மிச்சத்தைக் கையில குடுங்க சார், எல்லாரும் அப்படித்தான்." வழிகாட்டி மதிப்பு என்பது அரசு அந்த இடத்துக்குக் குறித்து வைத்திருக்கும் விலை. முழு விலைக்குப் போட்டால் இன்றைய கணக்கில் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என்று நூற்றுக்கு 9 ரூபாய் எனக்குத்தான் செலவு. ஆனால் ஆத்தாவுக்கு என்ன நஷ்டம்? ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து நகராட்சி எல்லையிலிருந்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. வங்கியில் நேராக விழும் பணத்தை அவர் மகள் பெயருக்கு மாற்றலாம், டெபாசிட் போடலாம். ரொக்கமாக வாங்கினால் அதை அரிசிப் பானையிலா வைப்பது? மேலும், நிலத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி அவருக்கே அபராதம். இதை அவர் மகளிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து சொன்னேன். இரண்டாயிரம் குறைவாகச் சொன்ன எனக்கு நிலம் முடிந்ததற்கு அந்தப் பத்து நிமிடமும் ஒரு காரணம்.

இதையெல்லாம் நண்பனிடம் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் சொன்னேன். பாதியில் தூங்கிவிட்டானோ என்று கூட நினைத்தேன். இன்று காலை அவனே வில்லங்கம் போட்டுப் பார்த்திருக்கிறான். 2016-ல் ஒரு அடமானம், ரத்தானதற்குப் பதிவே இல்லை. டோக்கன் போடவில்லை.

மத்தியானம் புரோக்கரே திரும்பக் கூப்பிட்டாராம். அந்தக் கோயமுத்தூர் பார்ட்டி நாளைக்குக் காலையில் வருகிறதாம்.