"லிஃப்ட் இருக்கு சார்" என்று சொல்லாதீர்கள், அளவைச் சொல்லுங்கள்

சென்னை ஓ.எம்.ஆர் பக்கம் சோழிங்கநல்லூரோ நாவலூரோ, எந்த அடுக்குமாடியில் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள். வீடு மாறுவதற்கான விதிகள் இரண்டு பக்கம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கூடாது. காலை 10 மணிக்கு முன்னால் கூடாது, மாலை 5-க்கு மேல் கூடாது. மதியம் 1 முதல் 2 வரை சத்தம் கூடாது. சுவரில் கீறல் விழுந்தால் இவ்வளவு, லிஃப்டில் விழுந்தால் அவ்வளவு. எல்லாம் சரி. அந்த லிஃப்ட் எத்தனை அடி அகலம், கதவு எத்தனை அடி உயரம்? அது மட்டும் எங்கேயும் இருக்காது. செக்யூரிட்டியைக் கேட்டால் "பெரிய லிஃப்ட்தான் சார்" என்பார். பெரிசு என்றால் எவ்வளவு பெரிசு?

நான் சொல்கிறேன். 8 பேர் லிஃப்ட் என்றால் 544 கிலோ, ஆளுக்கு 68 கிலோ கணக்கு. உள்ளே வழக்கமாக 130 செ.மீ. அகலம், 110 செ.மீ. ஆழம். கதவு திறந்தால் 80 செ.மீ., உயரம் 2 மீட்டர். எடை பற்றிக் கவலையே வேண்டாம், ஒரு இரும்பு பீரோவும் இரண்டு ஆட்களும் தாராளமாகப் போகலாம். உயிரை வாங்குவது நீளம்தான். மூன்று பேர் உட்காரும் 7 அடி சோபாவை நிமிர்த்தினால் 2.13 மீட்டர். கதவிலேயே இடிக்கும். சாய்த்து நுழைக்கலாம் என்றால் உள்ளே ஆழம் போதாது. கிங் சைஸ் மெத்தை 72-க்கு 78 அங்குலம். லிஃப்டின் மூலைக்கு மூலை அளந்தாலும் 170 செ.மீ.தான் வரும், மெத்தையின் சின்னப் பக்கமே 183. ஃபோம் மெத்தையை மடக்கிக் கயிறு போட்டுக் கட்டலாம். ஸ்பிரிங் மெத்தையை மடக்கினால் அதோடு அதன் கதை முடிந்தது. 60 அங்குல குயின் மெத்தை என்றால் மூலைவாட்டில் நிறுத்தித் தப்பிக்கலாம், அதுவும் மயிரிழையில்.

இதெல்லாம் தெரியாமல் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாயிற்று. இப்போது 14 மாடிக்குப் படி வழியாகத் தூக்க வேண்டும். லோடுமேன் மாடிக்கு இவ்வளவு என்று கேட்பார், கேட்கத்தான் செய்வார். அவர் முதுகு அது. கோபம் வரவேண்டியது அவர்மேல் இல்லை. "லிஃப்ட் இருக்கா?" என்ற ஒரே கேள்வியோடு போனிலேயே ரேட் போட்ட பேக்கர்ஸ் ஏஜென்ட்மேலும், அளவை எழுதி ஒட்டாத அசோசியேஷன்மேலும்தான். ரேட் பேசும்போதே "லிஃப்டில் போகாத சாமானுக்கு என்ன, லாரி நிற்கும் இடம் லிஃப்டிலிருந்து தூரமாக இருந்தால் என்ன" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 14 அடி கன்டெய்னர் லாரி பேஸ்மென்டுக்குள் நுழையவே நுழையாது. கேட்டில் நிறுத்தி, குட்டி யானையில் மாற்றி ஏற்றி, லிஃப்ட் வாசலுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். அதற்குத் தனிக் காசு.

அடுத்தது அசோசியேஷன் தரும் நேரம். இரண்டு பெட்ரூம் வீடு என்றால் 40, 50 அட்டைப்பெட்டி, 15 பெரிய சாமான், பிறகு பக்கெட், பூந்தொட்டி, துடைப்பம் என்று உதிரிகள். எப்படிப் பார்த்தாலும் லிஃப்ட் 25 தடவை ஏறி இறங்க வேண்டும். ஏற்ற 4 நிமிஷம், இறக்க 4 நிமிஷம், போக வர வழியில் நிற்பதையும் சேர்த்து 4 நிமிஷம். 25-ஐ 12-ஆல் பெருக்குங்கள், 5 மணி நேரம். அவர்கள் அனுமதிப்பது 10-லிருந்து 1, 2-லிருந்து 5, மொத்தம் 6. "ஆப்ல அப்ரூவல் வரல" என்று கேட்டில் ஒரு மணி நேரம் லாரியை நிறுத்திவைத்தால் கணக்கு அங்கேயே தீர்ந்தது. மூன்றரைக்கு ஸ்கூல் பஸ் வந்ததும் "லிஃப்டைக் கொஞ்சம் விடுங்க" என்பார்கள். 5 மணி தாண்டினால் அபராதம்! தாமதம் யாரால்?

லிஃப்டை ஆள் வைத்து ஓட்டும் முறைக்கு மாற்றப் பல லிஃப்டுகளில் உள்ளேயே ஒரு சாவித் துளை இருக்கும். சாவியைப் போட்டுவிட்டால் கதவு தானாக மூடாது, சில லிஃப்டுகளில் வெளியிலிருந்து யார் பட்டன் அழுத்தினாலும் நிற்காது. ஆனால் சாவி எப்போதும் மேனேஜர் மேஜை டிராயரில் இருக்கும், மேனேஜர் எப்போதும் லீவில் இருப்பார். வேறு வழியில்லாமல் ஆட்கள் கதவுக்கு நடுவே ஒரு பெட்டியை நிறுத்துவார்கள். கதவு மூடப் பார்க்கும், சென்சார் தடுக்கும், பீப் பீப் என்று கத்தும், கடைசியில் ஃபால்ட் காட்டி நின்றுவிடும். மொத்த டவரும் உங்களைத் திட்டும். அதனால் சாவி யாரிடம் என்பதை முந்தின நாளே கேட்டுவையுங்கள். சாமான் ஏற்றும் முன் லிஃப்டின் நாலு பக்கத்தையும் தேதியோடு போட்டோ எடுத்து மேனேஜருக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள். இல்லாவிட்டால் பழைய கீறலுக்கெல்லாம் உங்கள் டெபாசிட்டில் கைவைப்பார்கள்.

நல்ல நாள் விஷயம் தனிக்கூத்து. ஆடியும் மார்கழியும் யாரும் குடிபோவதில்லை. ஆவணியும் தையும் பிறந்ததும் முகூர்த்த நாளில் ஒரே டவரில் மூன்று குடும்பம். விடிகாலை முகூர்த்தம், லாரிக்கு 10 மணி. பால் காய்ச்சுவதை மட்டும் அன்றைக்கு முடித்துவிட்டு, சாமானை வேறொரு புதன் வியாழனில் கொண்டுவாருங்கள். சாமி படம், குடம், பால் பாத்திரத்தோடு இண்டக்ஷன் அடுப்பும் கையில் இருக்கட்டும். குழாய் கேஸ் உள்ள கட்டடமானால் டெபாசிட் கட்டாமல் வால்வைத் திறந்துவிட மாட்டார்கள்.

காலி செய்யும்போது இன்னும் மோசம். மெயின்டனன்ஸ் பாக்கி இல்லை என்ற கடிதம் வேண்டும், அதற்கு ஓனரின் மெயில் வேண்டும். ஓனர் அமெரிக்காவில் தூங்கிக்கொண்டிருப்பார். ஒரு வாரம் முன்பே மெயிலைக் கேட்டு வாங்குங்கள். ஏ.சி. கழற்றுவதை முந்தின நாளே முடித்துவிடுங்கள், கேஸை அவுட்டோர் யூனிட்டில் இழுத்துப் பூட்டியபிறகுதான் பைப்பில் கைவைக்க வேண்டும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினாக இருந்தால் டிரம்மைப் பிடிக்கும் போல்ட்டுகளைப் பின்பக்கத்தில் முடுக்காமல் ட்ராலியில் ஏற்ற விடாதீர்கள்.

அசோசியேஷன்காரர்களே, ஒரு ஏ4 தாள் போதும். லிஃப்ட் உள்ளளவு, கதவளவு, லாரி நிற்கும் இடம், சாவி வைத்திருப்பவர் நம்பர். அடுத்த மீட்டிங்கில் பொங்கல் விழாவுக்கு ஸ்பீக்கர் எங்கே வைப்பது என்று இரண்டு மணி நேரம் பேசி முடித்தபிறகாவது இதை எடுத்துக்கொள்ளுங்கள்.