குரங்குக் காய்ச்சலைக் கொசு பரப்புமா?

கர்நாடகத்தின் மலைநாட்டிலிருந்து குரங்குக் காய்ச்சல் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், இது கொசுக்கடியால் வருமா என்ற கேள்வி எழுகிறது. நியாயமான கேள்விதான். டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், மஞ்சள் காய்ச்சல் ஆகியவற்றின் வைரஸ்களும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்த மூன்றையும் கொசு பரப்பும்போது இதை மட்டும் உண்ணி பரப்புகிறது என்றால் யாருக்கும் ஐயம் வரும். 1957-இல் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழ, சுற்றியுள்ள ஊர்களில் மக்கள் காய்ச்சலில் படுத்தபோது, மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்றுதான் ஆய்வாளர்களே முதலில் அஞ்சினார்கள். புனேயிலிருந்த வைரஸ் ஆய்வு மையத்தார் கிருமியைப் பிரித்தெடுத்த பிறகே, அது ரஷ்யக் காடுகளில் உண்ணிகள் பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு நெருங்கிய உறவு என்பது தெரிந்தது.

இன்று நம் கையிலுள்ள சான்றுகளின்படி, குரங்குக் காய்ச்சல் பரவுவதில் கொசுவுக்குப் பங்கில்லை என்றே கொண்டு செயல்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரத்தம் குடித்த கொசுவின் வயிற்றில் ஒரு வைரஸின் தடயம் இருப்பதாலேயே அது நோயைப் பரப்பிவிடாது. எச்.ஐ.வி. உள்ளவரைக் கடித்த கொசுவால் அந்நோய் பரவாமலிருப்பது நாம் அறிந்ததே. வைரஸ் கொசுவின் குடற்சுவரைத் தாண்ட வேண்டும், உடலுக்குள் பெருக வேண்டும், உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட வேண்டும், அதுவரை அந்தக் கொசு உயிரோடிருந்து இன்னொருவரைக் கடிக்கவும் வேண்டும். டெங்கு வைரஸ் இதற்கெல்லாம் பழகியது. உண்ணிவழி வைரஸ்களோ வேறொரு வாழ்க்கைக்குப் பழகியவை. உண்ணி நாட்கணக்கில் தோலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. குஞ்சுப் பருவத்தில் பெற்ற வைரஸை, தோலுரித்து அடுத்த பருவத்துக்கு வளர்ந்த பின்னும் தன்னுள் வைத்திருக்கிறது.

ஆய்வகத்தை விடுங்கள், பருவத்தைப் பார்த்தாலே போதும். இந்நோய் டிசம்பரில் தலைகாட்டி, கோடையில் உச்சம் தொட்டு, மழை பிடித்துக் கொசு பெருகும் ஜூன் மாதத்தில் அடங்கிவிடுகிறது. எள்ளளவே உள்ள இளம் உண்ணிகள் காட்டுச் சருகில் மொய்ப்பதும் அந்த வறண்ட மாதங்களில்தான். நோய்வாய்ப்படுபவர்களைக் கவனியுங்கள்: விறகு பொறுக்கப் போனவர், மாட்டுத் தொழுவத்தில் பரப்பச் சருகு அள்ளி வந்தவர், காட்டோரப் பாக்குத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். கொசு பரப்புவதாக இருந்தால் காட்டுப் பக்கமே போகாத கடைத்தெருக்காரர்களும் அதே அளவில் விழுந்திருக்க வேண்டும்.

இனி எந்தக் காலத்திலும் முடியாது என்று நான் சொல்லவில்லை. 2005-06இல் ரீயூனியன் தீவில் சிக்குன்குனியா வைரஸில் நேர்ந்த ஒரே ஒரு மரபணு மாற்றம், ஆசியப் புலிக்கொசுவை அதற்கு வாகான ஊர்தியாக்கியது. ஆனால் அது ஏற்கெனவே கொசுவில் வாழ்ந்த வைரஸ். ஒரு கொசுவிலிருந்து இன்னொரு கொசுவுக்குத் தாவியது. உண்ணியிலிருந்து கொசுவுக்கு மாறுவது அதைவிடப் பன்மடங்கு கடினம். ஆய்வு தொடரட்டும், காட்டோரக் கொசுக்களையும் பிடித்துச் சோதிக்கட்டும்.

என் கவலையெல்லாம், காய்ச்சல் என்றதும் புகை மருந்து வண்டியை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ணும் வழக்கத்தைப் பற்றியது. சருகுக்கடியில் கிடக்கும் உண்ணியை அந்தப் புகை தொடாது. நூறில் மூன்று முதல் ஐந்து பேரைக் கொல்லும் நோய் இது. பழைய தடுப்பூசி போதிய பலன் தராததால் நிறுத்தப்பட்டுவிட்டது. 2012-13இல் பந்திப்பூரிலும் வயநாட்டிலும் மட்டுமல்லாமல் நம் நீலகிரியில் இறந்த குரங்குகளிலும் இந்த வைரஸ் கண்டறியப்பட்டதால், இதை அடுத்த மாநிலத்துச் சங்கதி என்று நாம் ஒதுக்க முடியாது. கர்நாடகத்தில் கொடுப்பதுபோல், உண்ணி அண்டாமல் காக்கும் டெபா எண்ணெயை நவம்பருக்குள் காட்டோரக் குடும்பங்களுக்குக் கொடுத்தாக வேண்டும். காட்டிலிருந்து திரும்பியதும் உடுப்பை வெந்நீரில் அலசி, உடம்பைத் தேய்த்துக் குளிக்கும்படி வீடுவீடாகச் சொல்ல வேண்டும். குரங்கு செத்துக் கிடந்தால் தொடாமல் அன்றைக்கே வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஏனெனில் அதன் உடம்பிலிருந்து உதிரும் உண்ணிகள் அந்த இடத்தைச் சுற்றியே கிடக்கும், மருந்து தூவ வேண்டியதும் அங்கேதான்.