"என்ன பிடிக்கும்?" என்ற கேள்வியை இரண்டாவதாகக் கேளுங்கள்

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போது எழுதும் ஓ லெவல் தேர்வின் முடிவு வந்து இரண்டு நாள் ஆகிறது. என் மைத்துனர் மகன் தேக்காவில் டீயை ஆறவிட்டுக் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருந்தான். அடுத்து எங்கே, என்ன படிப்பது என்று 12 தெரிவுகளை வரிசைப்படுத்தி விண்ணப்பிக்க வேண்டும். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "உனக்கு என்னப்பா பிடிக்கும்?"

பதினாறு வயதில் என்ன பிடித்துவிடும்? யூடியூபில் பார்த்ததும் கூட்டாளி எடுத்ததும்தான்.

மாணவர்களுக்கான மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் ஆர்வத்துக்கு ஒரு கேள்வித்தொகுப்பும், வேலையில் நாம் எதைப் பெரிதாக மதிக்கிறோம் என்பதற்கு இன்னொன்றும் உண்டு. முதலாவது, ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் ஆர்வங்களைப் பிரித்த ஆறு வகை; ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. அதில் வந்த எழுத்துகளைப் பிள்ளைகள் ராசி மாதிரி மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இரண்டாவதில் என்ன வந்தது என்று கேட்டால் முழிக்கிறார்கள். எனக்கோ இரண்டாவதுதான் வேர்; ஆர்வம் அதிலிருந்துதான் முளைக்கிறது.

என் அப்பா கப்பல் பட்டறையில் வெல்டர். வேலை அவ்வளவு சுத்தம். கூட வேலை பார்த்தவர் சொந்தமாகப் பட்டறை போடலாம் என்று கூப்பிட்டபோது அப்பா மறுத்துவிட்டார். "மாசம் பொறந்தா சம்பளம் வரணும், சிபிஎஃப் ஏறணும்." சிபிஎஃப் என்றால் சம்பளத்தோடு சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பு. அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வியாபாரம் என்ற சொல்லே அடிபடவில்லை. நாங்கள் மூன்று பிள்ளைகளும் 'வியாபாரத்தில் ஆர்வம் இல்லை' என்று வளர்ந்தோம். ஆர்வம் இல்லையா, அந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லையா? இன்றைக்கு யோசித்தால் இரண்டாவதுதான்.

கொள்கை, மதிப்பு எல்லாம் காசு உள்ளவன் பேச்சு என்பவர்களுக்கும் அப்பாதான் பதில். கையில் காசில்லாதபோதுதான் அவர் நிலையான வருமானத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். அதுவும் ஒரு மதிப்புதானே.

நானும் மின்னணுவியல் பிடிக்கும் என்றுதான் பாலிடெக்னிக் போனேன். உட்லண்ட்ஸில் சிப் தொழிற்சாலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். மூன்றே வருடத்தில் இயந்திரம் சலித்துவிட்டது. புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாள் மட்டும் சலிக்கவில்லை. ஒருவருக்குப் பயன்படுவதுதான் எனக்குப் பெரிது என்று அப்போது புரிந்தது. பயிற்சி கொடுக்கும் வேலைக்கு மாறினேன். சம்பளம் குறைந்தது, மனைவி ஒரு வாரம் பேசவில்லை. (இப்போதும் கரண்ட் பில் வரும்போது ஒரு பார்வை உண்டு.)

அதனால் பையனிடம் வேறு மாதிரி கேட்டேன். "எதை விட்டுக்கொடுக்க உன்னால் முடியவே முடியாது?"

ரொம்ப நேரம் யோசித்தான். "ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டம், மாமா."

சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவன் பட்டியலில் முதலில் இருந்தது தாதிமை (நர்சிங்).

"அப்போ தாதிமையில ஞாயிறு லீவு கிடைக்காதா மாமா?"

"கிடைக்கும். எல்லா வாரமும் கிடைக்காது."

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆறிப்போன டீயைக் குடித்தான். விண்ணப்பம் முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.