எம்ஜிபி காரின் சில் வெறும் அலங்காரத் தகடா?

"எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் கதவுக்குக் கீழே ஓடும் சில் துருப்பிடித்தால் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் போதும், பாரமெல்லாம் அடிச்சட்டமான சேஸியில்தான்" என்று ஒரு யோசனை சுற்றிவருகிறது. தவறு. இதற்கு முந்தைய மாடலான எம்ஜிஏவுக்குத் தனி சேஸி உண்டு. 1962-இல் வந்த எம்ஜிபிக்கு அது கிடையாது. பாடியேதான் பாரம் தாங்குகிறது. திறந்த மாடலில் கூரையும் இல்லாததால், வண்டி நடுவில் தொய்யாமல் பிடித்திருப்பது பெரும்பாலும் இந்தச் சில்தான். அதுவும் ஒற்றைத் தகடு அல்ல. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று அடுக்கு. வெளியே பளபளப்பு, உள்ளே துருத்தூள் என்பது இந்த வண்டிகளில் சகஜம்.

துருப்பிடித்த சில்லை வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு செய்யுங்கள். இல்லாவிட்டால் பாடி வளைந்துவிடும், அப்புறம் கதவு மூடாது. கையில் பணம் குறைவா? சரி, பெயிண்ட், சீட் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். சில் தகடுகள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன.