வரைபட விளையாட்டில் நூற்றுக்கு நூறு, வெற்றுத் தாளில் பூஜ்யம்

நாடுகளை இழுத்துப் பொருத்தும் விளையாட்டில் முழு மதிப்பெண் வாங்கும் குழந்தையிடம் ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, "ஆப்பிரிக்காவை வரைந்து எகிப்து எங்கே என்று காட்டு" எனக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பென்சில் நகராது. குறை குழந்தையிடம் இல்லை. துண்டு தன் இடத்துக்குக் கிட்டே வந்ததுமே மென்பொருள் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கடைசி நாலைந்து துண்டுகளுக்கோ, மிச்சமிருக்கும் ஓட்டையே விடையைச் சொல்லிவிடும். அங்கே நடப்பது வடிவப் பொருத்தம். புவியியல் அதில் கொஞ்சம்தான்.

அதற்காக ஜிகாம்ப்ரிஸ் போன்ற நல்ல இலவச மென்பொருளைத் தூக்கிப்போட வேண்டாம். வரிசையை மாற்றுங்கள். முதலில் தாளில், தெரிந்த அளவுக்கு, தப்பும் தவறுமாக வரையட்டும். பிறகு 15 நிமிடம் விளையாட்டு. இரண்டு நாள் கழித்து, திரையைப் பார்க்காமல் மறுபடி தாள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது ஏறியது, எது ஏறவில்லை என்று தெரிந்துவிடும். திரையில் வரும் நட்சத்திரங்களை நம்பாதீர்கள்.

உலக வரைபடத்துக்கும் முன்னால் ஒரு படி உண்டு: இருக்கும் அறையை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைவது. அது வராத குழந்தைக்கு வரைபடம் வெறும் வண்ணப் படம். வந்தபின் கூகுள் எர்த்தைத் திறக்கலாம். ஒரே இழுப்பில் உருண்டை வரை போய்விடாமல் 500 மீட்டர் உயரம், 5 கிலோமீட்டர், 50, 500, 5,000 என்று நிறுத்தி நிறுத்திப் போங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் "இப்போது எது மறைந்தது, எது புதிதாகத் தெரிகிறது?" என்று கேளுங்கள். வரைபடத்தின் அளவுகோல், அதாவது நிஜத் தூரம் படத்தில் எவ்வளவு சுருங்குகிறது என்பது, அங்கேதான் புரியத் தொடங்குகிறது.

தட்டை வரைபடத்தை உருண்டைக்குப் பிறகே காட்டுங்கள். பல மென்பொருள்கள் இன்றும் உருண்டையைத் தட்டையாக விரித்துக் காட்டும், 1569இல் வெளியான மெர்கேட்டர் முறையையோ அதன் சாயலையோதான் பயன்படுத்துகின்றன. அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் சுமார் 14 மடங்கு. மார்பிள் என்ற இலவச மென்பொருளில் உருண்டையையும் மெர்கேட்டரையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். கிரீன்லாந்து வீங்குவதைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும், நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.

வரலாற்றில் நிலைமை இன்னும் மோசம். பெரும்பாலான காலக்கோடுகளில் நிகழ்ச்சிகள் சம இடைவெளிப் பெட்டிகளாக நிற்கின்றன. வரிசை மனதில் பதியும், தூரம் பதியாது. மருந்து எளிது: இரண்டு ஏ4 தாள்களை நீளவாக்கில் ஒட்டி, 1 செ.மீ. = 100 ஆண்டு என்று கோடு போடுங்கள். கிசாவின் பெரிய பிரமிடு (சுமார் கி.மு. 2560), கிளியோபாட்ராவின் மரணம் (கி.மு. 30), நிலவில் மனிதன் (1969) மூன்றையும் குறியுங்கள். முதல் இடைவெளி 25 செ.மீ.க்குச் சற்று மேல், இரண்டாவது 20. கிளியோபாட்ரா பிரமிடைவிட நிலவுப் பயணத்துக்குத்தான் நெருக்கம் என்பதைக் கோடே சொல்லிவிடும். இன்னொன்று: கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் 0 ஆண்டு கிடையாது. கி.மு. ஆண்டைக் கழித்தல் குறியோடு போட்டுக் கணக்கிடும் மென்பொருள் ஓர் ஆண்டு பிசகும்.

இரண்டு பாடமும் ஒன்றாகச் சேரும் இடத்துக்கு மத்திய ஆசியாவின் ஏரல் கடலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆண்டுவாரியான செயற்கைக்கோள் படங்களை வரிசையாக ஓட்டிக் காட்டும் கூகுள் எர்த்தின் டைம்லாப்ஸில் 1984 முதல் ஓட்டினால் கடல் சுருங்குவது கண்முன்னே தெரியும். ஓட்டுவதற்கு முன், இந்தக் கடலுக்குத் தண்ணீர் எந்த ஆறுகளிலிருந்து வருகிறது என்று தேடவிடுங்கள். அமு தாரியா, சிர் தாரியா இரண்டையும் பின்தொடர்ந்து போனால் பருத்தி வயல்களும் கால்வாய்களும் வரும். ஏன் வற்றியது என்ற கேள்வி அதற்குப்பின் தானாக எழும்.

புதிதாக எதையாவது காசு கொடுத்து வாங்குவதானால், முதலில் வேண்டுமென்றே தப்பான விடையை அழுத்திப் பாருங்கள். சிவப்புக் குறியும் ஒரு சத்தமும் மட்டும் வந்தால் விட்டுவிடலாம். நீங்கள் தொட்டது எந்த நாடு, கேட்ட நாடு அதிலிருந்து எந்தத் திசையில் என்று காட்டினால் வாங்கலாம்.